வலுத்ததுதான் வெல்லுமா?



பெருநாள் நெருங்கினால் வீடுகளில் எழும் கோரிக்கைகளில் இப்போது ஒன்று கூடியிருக்கிறது. முன்னர் உடுப்பு, சப்பாத்து என்று கேட்ட பிள்ளைகள் இன்று “கேம் விளையாடுகிற மெஷின் ஒன்று எடுத்துத் தாங்க” என்கிறார்கள். கேட்பதோடு நிற்பதுமில்லை. “அது சரிவராது உம்மா, இதுக்குத்தான் பவர் கூட, ரெம் கூட, ப்ரொசெசரும் புதுசு” என்று எண்களாக அடுக்குகிறார்கள். கடைக்குப் போனால் கடைக்காரரும் அதே எண்களை ஒப்புவிக்கிறார்.

கத்தாரிலோ குவைத்திலோ இருந்து கணவர் அனுப்பும் பணத்தை, சில வீடுகளில் பெற்ற மகள் அனுப்பும் பணத்தை, எண்ணி எண்ணிச் செலவழிக்கும் பெண் அந்த எண்களுக்கு முன்னால் வாயடைத்துப் போகிறாள். “உங்களுக்கு இதெல்லாம் விளங்காது உம்மா” என்ற ஒரு வார்த்தையோடு, வாங்குவதைத் தீர்மானிக்கும் உரிமை பத்து வயதுப் பிள்ளையின் கைக்குப் போய்விடுகிறது.

உண்மையில் இது உங்களுக்கு விளங்காத விடயமா? இல்லவே இல்லை. எமது கஹவத்தை மாணிக்கக்கல்லுக்குப் பேர்போன இரத்தினபுரி மாவட்டத்து ஊர். கல்லைத் தராசில் போட்டு நிறையை மட்டும் பார்த்து விலை பேசுபவரை இங்கு யாரும் வியாபாரி என்று மதிப்பதில்லை. நிறம் எப்படி, தெளிவு எப்படி, உள்ளே வெடிப்பு உண்டா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் நிறையைப் பற்றிய பேச்சு. விளையாட்டுக் கருவியின் ‘பவர்’ என்பதும் அந்த நிறையைப் போன்றதுதான். அது ஒரு கணக்கு, முழுக்கணக்கு அல்ல. இதை நாம் ஊகித்துச் சொல்லவில்லை. கையடக்க விளையாட்டுக் கருவிகளின் நாற்பது ஆண்டு வரலாறே இதற்குச் சாட்சி.

நான்கு பெட்டரியும் ஆறு பெட்டரியும்

1989 ஏப்ரல் மாதம் ஜப்பானின் நின்டெண்டோ கம்பனி ‘கேம் போய்’ என்ற கருவியை வெளியிட்டது. அதன் திரையில் நிறம் கிடையாது. பாசி படர்ந்தாற்போன்ற பச்சையில் நான்கு சாயல்கள் மட்டுமே. திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை. ஜன்னலோரத்திலோ மின்குமிழின் கீழோ உட்கார்ந்துதான் விளையாட வேண்டும்.

அதே ஆண்டு அமெரிக்காவின் அட்டாரி கம்பனி ‘லிங்ஸ்’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. நிறத்திரை, திரைக்குப் பின்விளக்கு, படங்களை வேகமாக வரைவதற்கென்றே தனியான சில்லு என்று எல்லாமே அதில் இருந்தன. 1990 ஒக்டோபரில் ஜப்பானின் சேகா கம்பனி ‘கேம் கியர்’ என்ற மற்றொரு நிறத்திரைக் கருவியோடு போட்டிக்கு வந்தது. கேம் போயின் நிறமற்ற திரையைச் சேகா தன் விளம்பரங்களில் பகிரங்கமாகவே கேலி செய்தது.

மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தப் பிள்ளையும் முதலில் கேம் போயைத் தொடாது. ஆனால் முடிவு என்ன? கேம் போயும், அதன் வழிவந்த நிறத்திரைக் கேம் போயும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சம் விற்றன. கேம் கியர் சுமார் 1 கோடியே 6 லட்சத்தோடு நின்றது. லிங்ஸ் அதனிலும் குறைவு.

காரணத்தை அறிய இல்லத்தரசியின் கணக்குப் போதும். கேம் போய்க்கு நான்கு சிறிய பெட்டரிகள். அவை ஏறக்குறைய 15 மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். கேம் கியருக்கு ஆறு பெட்டரிகள். அவை மூன்று முதல் ஐந்து மணித்தியாலத்தில் முடிந்துவிடும். நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் விளையாடும் பிள்ளைக்குக் கேம் போயில் வாரத்துக்கு நான்கு பெட்டரி போதும். கேம் கியரிலோ வாரத்துக்கு இருபத்தெட்டு பெட்டரி வரை தேவை! கருவியின் விலையிலும் இதே கதைதான். அமெரிக்காவில் கேம் போய் சுமார் 90 டொலர், கேம் கியர் 150 டொலர், லிங்ஸ் 180 டொலர்.

பெட்டரியைக் குடித்தது எது? அந்த அழகான திரையின் பின்விளக்குத்தான். பெற்றோல்மெக்ஸ் விளக்கு குப்பி விளக்கை விடப் பிரகாசமானது. ஆனால் அதற்கு எண்ணெயும் கூட. இது எமது பாட்டிமாருக்குத் தெரிந்த பாடம். கையில் தூக்கிச் செல்லும் கருவியில் வலு என்பது இலவசமாகக் கிடைப்பதல்ல. பாரமாக, சூடாக, பெட்டரியாக, விலையாக அதற்கு எங்கோ ஓரிடத்தில் கட்டணம் செலுத்தியே ஆகவேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேம் போயின் சில்லு விநாடிக்குச் சுமார் 42 லட்சம் தடவை துடிக்கும். கேம் கியரின் சில்லுக்குச் சுமார் 36 லட்சம் துடிப்புத்தான். அந்த எண்ணில் குறைந்த கருவிதான் கண்ணுக்கு அழகான படத்தைக் காட்டியது! ஆகவே ஒரேயொரு எண்ணைக் காட்டி “இதுதான் பவர் கூட” என்று யாரேனும் சொன்னால், அந்த எண் எதை அளக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

பழையதைப் புதிதாக்கிய மனிதர்

கேம் போயை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பே யொக்கோய் என்பவர். நின்டெண்டோ 1889ஆம் ஆண்டு கியோட்டோ நகரில் சீட்டாட்ட அட்டைகள் செய்யத் தொடங்கிய கம்பனி. 1965இல் அங்கே சேர்ந்த யொக்கோய்க்குக் கிடைத்த வேலை, அட்டை தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பது.

புகைவண்டியில் ஒருவர் பொழுதுபோகாமல் கல்குலேட்டரின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் கையடக்க விளையாட்டுப் பற்றிய எண்ணம் அவருக்கு உதித்தது என்று சொல்லப்படுகிறது. அந்நாட்களில் கல்குலேட்டர் கம்பனிகளின் போட்டியால் அதன் திரைகளும் சில்லுகளும் மலிந்து போயிருந்தன. அவற்றைக் கொண்டு 1980இல் ‘கேம் அன்ட் வொட்ச்’ என்ற சிறு கருவியைச் செய்தார். அது அமோகமாக விற்பனையானது.

அவரது கொள்கை இதுதான்: புத்தம்புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே. நன்றாகப் பழகி, குறைகள் எல்லாம் தெரியவந்து, விலையும் இறங்கிய பழைய தொழில்நுட்பத்தை எடு. அதை யாரும் நினைக்காத ஒரு காரியத்துக்குப் பயன்படுத்து. சகோதரிகளே, மிஞ்சிய ரொட்டியை வெட்டிப் போட்டு, வீடே விரும்பிச் சாப்பிடும் கொத்து ரொட்டியாக்கும் உங்கள் கைப்பக்குவமும் இதுவேதான்!

விளையாட்டே உயிர்

கருவி எவ்வளவு நல்லதாயினும் அதில் விளையாட எதுவும் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டிதான். அமெரிக்காவில் கேம் போயோடு சேர்த்தே கொடுக்கப்பட்ட விளையாட்டு ‘டெட்ரிஸ்’. 1984இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜிட்னொவ் என்ற கணினி வல்லுநர் அமைத்தது அது. மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பித் திருப்பி, இடைவெளி விடாமல் அடுக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கு நிறமும் வேண்டாம், வேகமான சில்லும் வேண்டாம். ஆனால் பிள்ளை முதல் பாட்டன் வரை கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

1996 பெப்ரவரியில் ஜப்பானில் ‘பொக்கெமொன்’ வந்தது. அப்போது கேம் போய்க்கு வயது ஏழு. தொழில்நுட்ப உலகில் அது கிழப்பருவம். ஆனால் அந்த விளையாட்டு இரண்டு பதிப்புகளாக வந்தது. ஒன்றில் கிடைக்கும் சில பிராணிகள் மற்றதில் கிடைக்கா. எல்லாவற்றையும் சேர்க்க வேண்டுமானால், மற்றப் பதிப்பை வைத்திருக்கும் பிள்ளையைத் தேடிப்போய், இரண்டு கருவிகளையும் ஒரு வயரால் இணைத்து, மாற்றிக்கொள்ள வேண்டும். முத்திரை சேர்க்கும் பிள்ளைகள் பரிமாறிக்கொள்வதைப் போல. விற்றுத் தீரும் நிலையிலிருந்த பழைய கருவி மறுபடியும் உயிர்பெற்றது. சில்லின் வலு அதைச் செய்யவில்லை. இரண்டு பிள்ளைகளை அருகருகே உட்காரவைத்த யோசனை செய்தது.

மறுபடியும் அதே போட்டி

2004இன் இறுதியில் அதே நாடகம் மீண்டும் அரங்கேறியது. சோனி கம்பனியின் ‘பிஎஸ்பி’ அகன்ற திரையோடு, திரைப்படமும் பாட்டும் போடக்கூடிய, வலு மிக்க கருவியாக வந்தது. நின்டெண்டோவின் ‘டிஎஸ்’ வலுவில் அதற்குப் பக்கத்திலும் நிற்காது. ஆனால் அதற்கு இரண்டு திரைகள். அதில் ஒன்று தொட்டு எழுதக்கூடியது. அமெரிக்காவில் டிஎஸ் 150 டொலர், பிஎஸ்பி 250 டொலர்.

டிஎஸ்ஸுக்காக வந்தவற்றுள் ஒன்று நாய்க்குட்டி வளர்க்கும் விளையாட்டு. இன்னொன்று ஜப்பானியப் பேராசிரியர் ரியூட்டா கவஷிமாவின் பெயரோடு 2005இல் வந்த, சிறு சிறு கணக்குகளும் வாசிப்பும் கொண்ட மூளைப் பயிற்சி. அதுவரை இக்கருவிகளைத் தொட்டே பாராத பெண்களும் முதியவர்களும் இவற்றை வாங்கினார்கள். டிஎஸ் 15 கோடியே 40 லட்சம் விற்றது. பிஎஸ்பி சுமார் 8 கோடி. அது தோல்வி என்று சொல்லமுடியாத தொகைதான். ஆனாலும் வலுத்தது வெல்லவில்லை.

2011இல் நின்டெண்டோவே ஒரு பாடம் படித்தது. ‘3டிஎஸ்’ என்ற புதிய கருவியை 250 டொலருக்கு விற்கத் தொடங்கியபோது மக்கள் தயங்கினார்கள். ஆறு மாதத்துக்குள் விலையை 170 டொலராக இறக்க வேண்டியதாயிற்று. கம்பனித் தலைவர் சட்டோரு இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். விலை இறங்கியதும் விற்பனை ஏறியது; இறுதியில் ஏழரைக் கோடியைத் தாண்டியது. அதே ஆண்டின் முடிவில் சோனி வெளியிட்ட ‘வீட்டா’ அதைவிட எவ்வளவோ வலுவானது, கண்ணைப் பறிக்கும் திரை கொண்டது. ஆனால் அதற்கென்றே செய்யப்பட்ட, விலை கூடிய நினைவக அட்டைகளைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. விளையாட்டுக்களும் போதிய அளவு வரவில்லை. விற்பனையில் அது 3டிஎஸ்ஸின் அருகிலும் வரவில்லை.

எமது வீடுகளில்

இவையெல்லாம் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்தவைதானே என்று எண்ணவேண்டாம். 1990களில் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு ‘ப்ரிக் கேம்’ ஞாபகமிருக்கும். சாம்பல் நிறத் திரையில் கறுப்புக் கட்டங்கள் விழும் மலிவான கருவி. பெட்டியில் 9999 விளையாட்டுக்கள் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். திறந்து பார்த்தால் விரல்விட்டு எண்ணக்கூடிய விளையாட்டுக்கள்தான். வேகத்தையும் தொடங்கும் படியையும் மாற்றி மாற்றி எண்ணிக்கையைக் கூட்டியிருப்பார்கள். எண்ணைக் காட்டி மயக்கும் வித்தை அன்றே இருந்தது. ஆனாலும் அந்த எளிய கருவி எத்தனை பிள்ளைகளை மகிழ்வித்தது!

அடுத்து நொக்கியா. 2003இல் அக்கம்பனி இரண்டு வேறுபட்ட பொருட்களை வெளியிட்டது. ஒன்று ‘என்-கேஜ்’, விளையாட்டுக்கென்றே செய்த, 299 டொலர் விலையான, வலுமிக்க கைத்தொலைபேசி. விளையாட்டை மாற்ற வேண்டுமானால் மூடியைத் திறந்து பெட்டரியைக் கழற்ற வேண்டும். பேசவேண்டுமானால் அதன் விளிம்பைக் காதில் வைக்க வேண்டும். உலகமே சிரித்தது. மற்றது ‘1100’, டோர்ச் பொருத்திய, தூசிக்கும் விழுக்காட்டுக்கும் அஞ்சாத மலிவான தொலைபேசி. அது உலகமெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. விளையாட்டுக்காக யாரும் 1100ஐ வாங்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் 1997 முதல் நொக்கியாவில் வந்துகொண்டிருந்த பாம்பு விளையாட்டு அதிலும் இருந்தது. மருத்துவமனையின் வாங்கில் காத்திருந்தபோதும், பிள்ளை தூங்கிய பின்னரும் அந்தப் பாம்பை வளர்த்த உம்மாமார் எத்தனை பேர்! விளையாட்டுக்கெனச் செய்த வலுவான கருவி தோற்றுப்போக, கையில் ஏற்கனவே இருந்த எளிய கருவி விளையாடப்பட்டது.

அப்படியானால் வலு வேண்டவே வேண்டாமா?

அவ்வாறு சொல்வதும் நீதியல்ல. 1997இல் அமெரிக்காவின் டைகர் கம்பனி ‘கேம் டொட் கொம்’ என்ற மலிவான கருவியொன்றைச் செய்தது. தொட்டு இயக்கும் திரை, இணையத்தோடு தொடர்புகொள்ளும் வசதி என்று யோசனைகள் புதுமையானவையே. ஆனால் படம் அசைந்தால் திரை மங்கிக் கலங்கியது. யாரும் வாங்கவில்லை. வேலைக்குத் தேவையான அளவு வலுக்கூட இல்லாத கருவியை நல்ல யோசனையும் காப்பாற்றாது.

2017 மார்ச்சில் நின்டெண்டோ ‘ஸ்விட்ச்’ என்ற கருவியை வெளியிட்டது. கையிலும் விளையாடலாம், தொலைக்காட்சியில் பொருத்தியும் விளையாடலாம். மூன்று ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக வந்த சோனியின் வீட்டுக் கருவியை விடவும் வலுவில் குறைந்தது. இருந்தும் 15 கோடிக்கு மேல் விற்றது. ஆனால் ஆண்டுகள் போகப்போகப் புதிய விளையாட்டுக்கள் அதில் திணறத் தொடங்கின. 2025 ஜூனில், அதே யோசனையை வலுக்கூட்டி ‘ஸ்விட்ச் 2’ என்று வெளியிட்டபோது நான்கே நாட்களில் 35 லட்சம் விற்றது. வலு கூடியது அங்கே பயன்பட்டது. ஏனெனில் விளையாட்டுக்களும் அவற்றை விரும்பும் வீடுகளும் ஏற்கனவே இருந்தன. வலு அவற்றுக்குப் பின்னால் வந்தது.

ஆக, வலு என்பது உப்பைப் போன்றது. போதாவிட்டால் கறி விளங்காது. போதுமான அளவு போட்ட பிறகு, மேலும் மேலும் கொட்டுவதால் ருசி கூடுவதில்லை.

வாங்குமுன் கேளுங்கள்

முதலாவது, ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை மணித்தியாலம் ஓடும்? 2022 மார்ச் இறுதியில் எமது நாட்டில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. பெட்டரி பழுதானால் மாற்ற முடியுமா, இரத்தினபுரியிலாவது திருத்துபவர் உண்டா என்பதையும் சேர்த்தே விசாரியுங்கள்.

இரண்டாவது, விழுந்தால் தாங்குமா? 1991 வளைகுடா யுத்தத்தின்போது தீயில் சிக்கி, மேலோடு உருகிக் கருகிய கேம் போய் ஒன்று நியூயோர்க்கிலுள்ள நின்டெண்டோ கடையில் பல ஆண்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அதில் டெட்ரிஸ் ஓடிக்கொண்டேயிருந்தது! சீமெந்துத் தரையில் விழப்போகும் கருவிக்கு இந்த உறுதி எந்த எண்ணையும் விடப் பெறுமதியானது.

மூன்றாவது, இதில் எந்த விளையாட்டு, ஒன்று என்ன விலை? கருவியின் விலை தொடக்கம் மட்டுமே. ஸ்விட்ச்சின் பெரிய விளையாட்டுக்கள் பெரும்பாலும் 60 டொலருக்கு வந்தன. ஸ்விட்ச் 2இன் விளையாட்டொன்று 80 டொலருக்கும் வந்தது. இன்று கடைகளில் 400 விளையாட்டு என்று அச்சிட்ட மலிவான கருவிகளும் இருக்கின்றன. ப்ரிக் கேமின் 9999ஐ நினைவில் வைத்து, கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நான்காவது, தனியாகவா விளையாடுவது, நாநாவும் தங்கச்சியும் சேர்ந்தா? ஒரு கருவியை இருவர் பகிரக் கூடியதாயின் அதுவே வீட்டுக்கு ஏற்றது.

ஐந்தாவது, விளையாட்டின் நடுவில் பணம் கேட்குமா? இது விசேடமாகக் கைத்தொலைபேசிக்குரிய கேள்வி. இன்று வீட்டிலுள்ள தொலைபேசி, மேலே சொன்ன பழைய கருவிகள் எல்லாவற்றையும் விட வலுவானது. விளையாட்டும் இலவசம் என்கிறார்கள். ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ‘பெட்டி’யைப் பணம் கொடுத்துத் திறக்கும் முறை பல விளையாட்டுக்களில் உண்டு. 2018இல் பெல்ஜியம் நாட்டின் அதிகாரிகள் இதனைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தார்கள். சூதென்றால் என்னவென்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதே தொலைபேசியில்தான் பாடசாலைச் செய்தியும் வெளிநாட்டு அழைப்பும் வருகின்றன என்பதையும் மறக்கவேண்டாம்.

சகோதரிகளே! பிள்ளை விளையாடக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. தொழுகைக்கும் படிப்புக்கும் உரிய நேரத்தைக் கொடுத்தபின், பிள்ளைக்கு விளையாட்டும் தேவைதான். ஆனால் அந்நிய நாட்டு வெயிலில் உழைத்தனுப்பும் பணம், பயன்படாத வலுவுக்காகப் போவது வீண்விரயம். விரலுக்கேற்ற வீக்கம் என்று எமது முன்னோர் சொன்னதும் இதைத்தான்.

எனவே அடுத்தமுறை மகன் எண்களை அடுக்கும்போது வாயடைத்துப் போகாதீர்கள். “சரி மகன், பெட்டரி எத்தனை மணித்தியாலம்? எந்தக் கேம்? தங்கச்சிக்கும் விளையாட ஏலுமா? பழுதானால் எங்கே கொடுக்கிறது?” என்று அமைதியாகக் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு அவன் விடை தேடிக்கொண்டு வரட்டும். விடை சரியென்றால் வாங்கிக் கொடுங்கள். சரியில்லாவிட்டால், ஏன் வாங்கவில்லை என்பது அவனுக்கே விளங்கியிருக்கும்.